ஆவுடையப்பன் லினக்ஸில் ஜெயித்த ரேஸ்

பாதி முகம் மழித்து, மீதி முகத்தில் சோப்பு நுரையோடு நான் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, செல்வின் கத்தியை மடக்கி வைத்துவிட்டு வெளியே போனார். பக்கத்து ஜெராக்ஸ் கடை வாசலுக்குப் பதினொரு மணி டீ வந்துவிட்டதாம். டீயோடு ஆவுடையப்பனும் வந்திருந்தார். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவர் வாயைத் திறந்துவிட்டால் செல்வினுக்கு வேலை ஓடாது. வேறு வழியில்லாமல் நானும் கழுத்தில் துண்டோடு எழுந்து போனேன்.

"இது ஸ்டியரிங்கைத் திருப்புத கேம் இல்லவே," என்று ஆவுடையப்பன் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார். "இதுல நான் ரேஸ் டீமுக்கே மேனேஜர். எந்த டிரைவரை வைக்கணும், எந்த டயரு போடணும், எப்ப உள்ள கூப்பிட்டு மாத்தணும், எல்லாம் நான்தான்."

"அப்ப காரை யாரு ஓட்டுவா?" ஜெராக்ஸ் கடை ராபியத் அக்கா கேட்டார்.

"அதுக்கு ஆள் வச்சிருக்கேன்லாக்கா."

"கட்டட மேஸ்திரி மாதிரி. நிழல்ல நின்னுகிட்டு சத்தம் போடுத உத்தியோகம்," என்றார் செல்வின்.

ஆவுடையப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. "அந்த கேமு விண்டோஸுக்குன்னு செஞ்சது. நம்மகிட்ட இருக்கது லினக்ஸு. அதும் விண்டோஸு மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுததுதான், ஆனா ஊர்ப்பொது. எவனும் எடுத்துக்கிடலாம், உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாத்து மாத்திக்கிடலாம். அதுல இந்த கேமை ஓட்டணும்னா நடுவுல ஒயின் வேணும்."

"காலையிலேயேவா?" என்றார் அக்கா.

"குடிக்க ஒயின் இல்லக்கா! அதும் ஒரு சாஃப்ட்வேர்தான். பதினாறு வருசத்துக் கம்ப்யூட்டர்ல அதைப் போட்டேன் பாருங்க, என்ன வேகம்ங்கீய! ஸ்டார்ட் பட்டனை அமுக்கதுக்குள்ள ரேஸ் முடிஞ்சு கோப்பையைக் குடுத்துக்கிட்டிருக்கான். பொறவு கம்ப்யூட்டர் மேல நனைஞ்ச சாக்கைப் போட்டுல்லா வேகத்தைக் குறைச்சேன்!"

செல்வின் டீயை உறிஞ்சினார். "ஷாக் அடிக்கலையாவே?"

"அடிச்சுது. நான் திருப்பி அடிச்சேன். அதை விடும். டயரு மாத்த மத்த டீமுக்கு ரெண்டரை செகண்டு ஆவும். நம்ம பயலுவ கார் வரதுக்கு முன்னாலேயே மாத்திட்டானுவ. ஸ்கிரீன்ல இருந்த அதிகாரி என்னையப் பாத்து, 'டயரு மாத்துனதெல்லாம் சரி, கார் எங்க?'ங்கான். 'இப்ப வரும், ஓரமா நில்லும்'னேன்."

"அவன் தமிழ்லயா பேசுனான்?" என்று நான் கேட்டுவிட்டேன்.

என் முகத்து நுரையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "லினக்ஸுல மொழியை மாத்திக்கிடலாம் சார்." தொடர்ந்தார். "கடைசி ரேஸு. ஒரு பாயிண்டு பின்னால நிக்கோம். இதுல தோத்தா டீமையே கலைச்சிருவான். அந்நேரம் பாத்து மழை. நான் போட்டிருக்கதோ வெயில் டயரு. விடுவேனா? கம்ப்யூட்டருக்கு உத்தரவு அடிக்குத கருப்பு ஸ்கிரீனைத் திறந்தேன். மழையை நிறுத்துன்னு அடிச்சேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு. குடுத்தேன். கேம்ல மழை நின்னு போச்சு. பாளையங்கோட்டையிலயும் நின்னு போச்சு!"

"எப்பவே இது?" என்றார் செல்வின்.

"போன மே மாசம் பதினாலாந்தேதி."

"அன்னைக்கு இங்க மழையே இல்லையே!"

"அதைத்தான நானும் சொல்லுதேன்!" என்று ஆவுடையப்பன் தொடையில் தட்டினார்.

எனக்கு நுரை காய்ந்து கன்னம் இழுத்தது.

"இனிமேதான் விசயமே. நாலு ரவுண்டு பாக்கி இருக்கு. டிரைவரு காரை நிப்பாட்டிட்டு, 'முதலாளி, தங்கச்சிக்குக் கல்யாணம், லீவு வேணும்'ங்கான். நல்ல காரியத்துக்கு மாட்டேன்னு சொல்லலாமா? பென் டிரைவ் சொருகுத ஓட்டை வழியா இறங்கிப் போயிட்டான். காலிக் கார் நிக்கி. மத்தவன்லாம் சர்ரு சர்ருன்னு போறான். அப்ப பாத்து, லினக்ஸுக்கு அடையாளமா ஒரு பெங்குவின் இருக்கும்லா, அது வந்து ஏறி உக்காந்துட்டு!"

"பெங்குவினுக்குக் கால் எட்டுமா?" என்றார் அக்கா.

"எட்டலை. பிரேக்குக்கு எட்டவே இல்லை. அதனாலதான் மூணு ரவுண்டு வித்தியாசத்துல ஜெயிச்சோம்! மறுநாளு வெளிநாட்டுல நெசமாவே ரேஸ் விடுத ஒரு டீமுல இருந்து போனு. வந்து எங்க டீமை நடத்துங்கன்னு அழுதான். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல என்ன போட்டிருக்கீயன்னு கேட்டேன். விண்டோஸுன்னான். அந்தப் பேரைச் சொன்னவன் வாசப்படியைக்கூட மிதிக்க மாட்டேன்னு போனை வச்சிட்டேன்."

அப்போது ஒரு கல்லூரிப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அக்கா, ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கணும். ரெண்டு மணிக்குப் பரீட்சை."

ராபியத் அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தம்பி ஆவுடையப்பா, செவ்வாக்கிழமை என் கம்ப்யூட்டர்ல லினக்ஸைப் போட்டுட்டுப் போனியே, அன்னையில இருந்து பிரிண்டரு ஒரு பேப்பரை இழுக்கலை. வந்து என்னன்னு பாரு."

ஆவுடையப்பன் உள்ளே போனார். கருப்பு ஸ்கிரீனைத் திறந்தார். எதையோ அடித்தார். பாஸ்வேர்டு கொடுத்தார். பிரிண்டரின் மண்டையில் தட்டினார். கால் மணி நேரம் கழித்து நெற்றியைத் துடைத்தபடி எழுந்து, எங்களுக்குக் கேட்காதபடி அக்காவிடம் குனிந்தார்.

அக்காவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "என்னது, விண்டோஸே போட்டுருவோமாவா?" என்றார்.