அடுப்பை அணைத்த பிறகு

“அன்னைக்கே வாயை மூடிட்டேம்மா. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை தப்பாப் பேசலை. இன்னும் நான் என்ன செய்யணும்?”

கேட்டவர் மருதப்பன். மலையடிவாரத்து மடத்தில் சமையல் அவர் பொறுப்பு. அறுபதைத் தாண்டியவர்.

எதிரே இருந்த குரு வடிவாம்பாளுக்கு அவருடைய மகள் வயதுதான். ஆனாலும் மருதப்பன் தரையைப் பார்த்தே பேசினார்.

நடந்தது மடத்தில் எல்லோருக்கும் தெரியும். சமையலறைக்குப் புதிதாக வந்த செல்லையா, உப்புப் போட்ட குழம்பில் மறுபடியும் உப்பைப் போட்டுவிட்டான். பந்தியில் எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மருதப்பன் கத்தினார்.

“இந்த லட்சணத்துக்குத்தான் உன் பெண்டாட்டி உன்னை விட்டுட்டுப் போனா!”

செல்லையா குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். அதிலிருந்து அவன் பந்திப் பக்கம் வருவதில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு, கொல்லையில் நின்றபடியே சாப்பிடுகிறான்.

“அவன் எதிர்ல வந்தா நான் வேற பக்கம் திரும்பிடறேன்,” என்றார் மருதப்பன். “உடம்பே கூசுது.”

“அவர்கிட்டப் போனீங்களா?”

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது? தானா ஆறட்டும்னு விட்டுட்டேன்.”

வடிவாம்பாள் தன் அறை மூலையிலிருந்த சிறிய அடுப்பைப் பார்த்தார்.

“பூண்டு எண்ணெய் ஊத்திச் சோறு சாப்பிடணும்போல இருக்கு,” என்றார். “இங்கேயே, இந்த அடுப்புல பண்ணுங்க.”

மருதப்பனுக்குப் புரியவில்லை. ஆனாலும் பூண்டை உரித்தார். மெல்லிசாக, ஒரே கனத்தில் சீவினார். இரும்புச் சட்டியில் நல்லெண்ணெயை ஊற்றி, காயும் முன்பே பூண்டைப் போட்டு, தீயைக் குறைத்தார்.

சின்னச் சின்னக் குமிழ்கள் எழுந்தன. வாசனை அறையை நிறைத்தது. கிளறிக்கொண்டிருந்த நேரம் மட்டும் அவருக்குச் செல்லையாவின் நினைப்பு வரவில்லை.

பூண்டின் ஓரம் லேசாக மஞ்சளானது. அடுப்பை அணைத்தார். வடிகட்டியை எடுத்தார்.

“மருதப்பன், வந்து உட்காருங்க.”

“இதோ, வடிச்சுட்டு வந்துடறேம்மா.”

“அடுப்பைத்தான் அணைச்சாச்சே. உட்காருங்க.”

உட்கார்ந்தார். வடிகட்டி கையிலேயே இருந்தது.

மழை வருமா என்று கேட்டார் வடிவாம்பாள். கொட்டிலில் மாடு கன்று ஈன்றதா என்று கேட்டார். மருதப்பன் ஏதோ பதில் சொன்னார். கண் சட்டியை விட்டு நகரவில்லை. மஞ்சள் சிவந்துகொண்டிருந்தது.

“அம்மா, எடுக்கணும்.”

“என்ன அவசரம்? தானா ஆறட்டும்.”

“ஆறாதும்மா!” குரல் உயர்ந்துவிட்டது. “தீயை நிறுத்திட்டா ஆயிடுச்சா? எண்ணெய்ல சூடு அப்படியேதான் இருக்கும். உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டேதான் இருக்கும். நாமளாப் போய் எடுத்தாத்தான்…”

பாதியில் நின்றுவிட்டார்.

மருதப்பன் எழுந்தார். வடிகட்டியைத் தரையில் வைத்தார். சட்டியைத் தாண்டி வெளியே நடந்தார்.

செல்லையா விறகுக் கொட்டகையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் சுவரோடு ஒண்டி வழிவிட்டான்.

மருதப்பன் போகவில்லை. அவன் எதிரிலேயே நின்றார்.

காற்றில் நெடி வந்தது. செல்லையா முகர்ந்து பார்த்தான்.

“பூண்டு கருகுதே. யாரு இப்படி விட்டுட்டுப் போனது?”

“நான்தான்,” என்றார் மருதப்பன். “நான்தாம்ப்பா. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி உன்னை… நான்தான்.”

செல்லையா நிமிர்ந்தான். அவருடைய இரண்டு கைகளும் நடுங்குவதைப் பார்த்தான்.

விறகைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

“கையைச் சுட்டுக்கிட்டீங்களாண்ணே?”