பனியில் கரி தூவிய மருமகள்

மலைகளெல்லாம் இளமையாக இருந்த காலத்தில், வடக்கே வெகுதூரத்தில் வெள்ளிவரை என்றொரு நாடு. அதை ஆண்டவர் வெண்குடையான் என்ற ராஜா. அந்த நாட்டில் எல்லாமே வெள்ளை. வீடு வெள்ளை, உடுப்பு வெள்ளை, வருஷத்தில் பாதி நாள் பனி மூடி வயலும் வெள்ளை.

அந்த ஜனங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது, கேளுங்கள். விடிந்ததும் வீட்டுக்கொருவர் துடைப்பத்தோடு வயலுக்குப் போவார்கள். பனிமேல் விழுந்த தூசி, சருகு, சாம்பல் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளுவார்கள். "சூரிய பகவான் வந்து உட்காருகிற பாய் இது, அழுக்காக விரிக்கலாமா?" என்பார்கள். பனியை அழுக்காக்கினவரை நாடு கடத்துவார்கள். பக்தி நல்லதுதான், யார் வேண்டாம் என்றது?

அந்த நாட்டுக்கு மருமகளாக வந்தவள் கயலி. தெற்கே கடற்கரையில் உப்பு விளைவிக்கிற குடியில் பிறந்தவள். நல்ல கறுப்பு. "அடுப்புக்குள் பிறந்தவளா நீ?" என்று ஊரே கேலி பேசும். அவள் முகம் சுளிக்கமாட்டாள். "வெயில் எங்கள் வீட்டுப் பிள்ளை. அது கொஞ்சின இடம் கறுக்கத்தான் செய்யும்" என்று தலை நிமிர்ந்து சொல்வாள்.

ஒரு வருஷம் சித்திரை பிறந்தும் பனி போகவில்லை. விதைக்கிற நாள் தப்பினால் வாற்கோதுமை கதிர் பிடிக்காது. கதிர் பிடிக்காவிட்டால் நாடே பட்டினி.

ராஜா முதலில் வயலெங்கும் தீ மூட்டச் சொன்னார். சூடு புகையோடு மேலே போயிற்று. விறகு தீர்ந்தது, பனி தீரவில்லை. அடுத்து வெந்நீர் ஊற்றச் சொன்னார். ஊற்றின இடம் ராத்திரிக் குளிரில் கல்லாக இறுகிற்று. மூன்றாவதாக, பனியை மூன்று வேளையும் பெருக்கச் சொன்னார். பனி கண்ணாடியாய்ப் பளபளத்ததுதான் மிச்சம்.

"பாட்டன் பூட்டன் உழுத மண். என்ன செய்ய, விட்டுப் போகத்தான் வேண்டும். மூட்டை கட்டுங்கள்" என்றார் ராஜா.

கயலியும் மூட்டை கட்டத்தான் கொல்லைக்குப் போனாள். பனிமேல் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைப் போர்வைகள் போட்டது போட்டபடி கிடந்தன. அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கம்பளி மட்டும் ஒரு சாண் ஆழம் பனிக்குள் இறங்கியிருந்தது. காற்று என்னவோ மூக்கை அறுக்கிற குளிர்தான்.

அப்படியே நின்றுவிட்டாள். ஊரில் உப்பளம் நினைவுக்கு வந்தது. வெள்ளை உப்புக் குவியல் வெயிலைத் திருப்பி நம் கண்ணிலேயே அடிக்கும். பக்கத்துக் கரும்பாறையிலோ கால் வைக்க முடியாது. வெயில் காற்றைக் காய்ச்சிக்கொண்டா வருகிறது? அது பாட்டுக்கு நேரே வருகிறது. வெள்ளை அதைத் திருப்பி அனுப்புகிறது, கறுப்பு வாங்கி வைத்துக்கொள்கிறது.

நேரே அரண்மனைக்குப் போனாள்.

"மகாராஜா, சூரியன் தினமும் நம் வாசலுக்கு வருகிறான். நாம்தான் பெருக்கிப் பெருக்கி அவனைத் திருப்பி அனுப்புகிறோம். பனிமேல் அடுப்புக்கரி தூவ உத்தரவு கொடுங்கள்."

"தண்டனை என்னவென்று தெரியுமா அம்மா?"

"தெரியும். என் வயலில் மட்டும் தூவுகிறேன். மூன்று நாளில் பனி போகாவிட்டால் நான் நாட்டை விட்டுப் போகிறேன். பனி போய்விட்டால் நாம் யாருமே போக வேண்டாம்."

உப்புக்காரி உப்பையே தூவியிருக்கலாமே என்று கதை கேட்கிற உங்களில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. உப்பு விழுந்த மண்ணில் பயிர் முளைக்குமா ஐயா?

ராஜா சம்மதித்தார். கயலி கரியை இடித்துப் பொடியாக்கித் தூவினாள். அவள் புருஷன் நன்மாறன் ஆர்வக்கோளாறில் ஒரு மூலையில் கூடை கூடையாகக் கொட்டினான். மறுநாள் அவள் தூவின இடம் குழிந்திருந்தது, அவன் கொட்டின இடம் மேடாகவே நின்றது.

"நிறையப் போட்டால் நிறைய உருகும் என்று பார்த்தேன்" என்று அசடு வழிந்தான்.

"சூடெல்லாம் கரியோடு நின்றுவிட்டது. பனிக்கு நீங்கள் போர்வை போர்த்தியிருக்கிறீர்கள். முறத்தில் அள்ளி, மாவு சலித்த மாதிரி மெல்லிசாகப் படியத் தூவ வேண்டும்" என்று சிரித்தாள் கயலி.

மூன்றாம் நாள் ராஜா வந்தார். சுற்றிலும் வெள்ளைக் காடு. நடுவே கயலியின் வயலில் ஈர மண் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் குனிந்து ஒரு பிடி மண் எடுத்து முகர்ந்தார். பிறகு துடைப்பக்காரர்களைப் பார்த்து, "துடைப்பத்தைப் போடுங்கள், முறத்தை எடுங்கள்" என்றார். முதல் முறம் கரியைத் தாமே தூவினார்.

சாயங்காலம் ராஜா முதல் குடியானவர் வரை ஒருவர் முகத்திலும் வெள்ளை இல்லை. "எல்லோரும் அடுப்புக்குள் பிறந்தவர்களா?" என்று கேட்டாள் கயலி. ராஜாவே சிரித்துவிட்டார்.

அந்த வருஷம் கதிர் இடுப்பளவு நின்றது. முதல் கதிரை ராஜா கயலியின் கையில் கொடுத்தார். அவள் அந்தக் கறுப்புக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து வாங்கிக்கொண்டாள். இன்றைக்கும் அந்த நாட்டுக்கு வாழ வருகிற பெண்கள் கறுப்புக் கம்பளி போர்த்தித்தான் எல்லையில் கால் வைப்பார்களாம்.

வெளிச்சம் எல்லோர் மேலும் ஒன்றுபோலத்தான் விழுகிறது, வாங்கி வைத்துக்கொள்கிறவரே பிறருக்கும் விடிவு தருவார்.