கொசுறு கொடுத்த பெருச்சாளி

ஆலங்காட்டுக் குளத்தங்கரையில் ஒரு பெருச்சாளி கடை வைத்திருந்தது. பெயர் சோலையப்பன். விடிந்ததும் கடை வாசலில் நின்று கூவ ஆரம்பித்துவிடும்.

"எதை எடுத்தாலும் ஒரு நெல்லிக்காய்! எதை எடுத்தாலும் ஒரே ஒரு நெல்லிக்காய்!"

கடையில் தேக்கிலையில் கட்டிய நிலக்கடலைப் பொட்டலங்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். பார்க்கவே மனம் நிறையும். ஒரு பொட்டலம் வாங்கினால் சோலையப்பன் இரண்டு கடலையை எடுத்து, "இந்தா தாயி, பிள்ளைகளுக்குக் கொசுறு!" என்று கையில் வைக்கும். அந்த இரண்டு கடலைக்காகவே காடு முழுவதும் அங்கே வரிசையில் நின்றது. கொசுறு என்றால் நமக்கும் அப்படித்தானே? கொடுக்காத கடைக்காரர் தங்கமான மனிதராக இருந்தாலும் நமக்கு மனசு ஆறாது!

பாறைக்கு அந்தப் பக்கம் வேலாண்டி என்ற முள்ளம்பன்றியும் கடலை விற்றது. அங்கே பொட்டலம் கிடையாது. எதிரிலேயே கொட்டாங்கச்சியால் அளந்து போடும். ஓர் அளவுக்கு மூன்று நெல்லிக்காய். கொசுறு கேட்டால் முறைக்கும். அதனால் வேலாண்டியின் கடையில் ஈ ஓட்டுவதுதான் வியாபாரம்.

பொன்னுத்தாய் என்ற அணிலுக்கு மூன்று குட்டிகள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இருபது நாளைக்கு மரத்தை விட்டு இறங்க முடியாது. நாளுக்கு ஒரு பொட்டலம் என்று இருபது பொட்டலங்களைப் பொந்தில் சேர்த்து வைப்பது அந்தக் காட்டு வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. மழைக்கு வாங்கிய பொட்டலத்தை முதல் மழை விழும்வரை பிரிக்கக் கூடாது. பிரித்தால் மழை பொய்த்துவிடுமாம்! யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் பயந்து நடந்தார்கள்.

அந்த வருடமும் பொன்னுத்தாய் இருபது பொட்டலங்களை வாங்கி அடுக்கினாள். அடுக்கும்போது மூலையில் போன வருடத்துப் பொட்டலம் ஒன்று மிஞ்சிக் கிடந்தது. பழசைச் சாப்பிடலாம் என்று அதைப் பிரித்தாள். ஆளுக்குப் பத்து என்று முப்பது கடலை. குட்டிகள் வயிறு நிறையத் தின்றன. அவளுக்கு எப்போதும்போல மரப்பட்டையே போதும்.

மறுநாள் காலை கடைக்குட்டி பொறுக்கமாட்டாமல் புதுப் பொட்டலம் ஒன்றைக் கடித்துப் பிய்த்துவிட்டது.

"அடப்பாவி! மழைப் பொட்டலத்தையா பிரிச்சே?" என்று ஓடிவந்தாள் பொன்னுத்தாய்.

"அம்மா, உள்ளே புல்லுதான் இருக்கு!" என்றது குட்டி.

இலைக்குள் இன்னோர் இலை இருந்தது. அதற்குள் ஒரு கைப்பிடி காய்ந்த புல். நடுவில் பதினெட்டே பதினெட்டு கடலை!

பொன்னுத்தாய் மற்றப் பொட்டலங்களைப் பார்த்தாள். மழை பொய்த்தாலும் பொய்க்கட்டும் என்று எல்லாவற்றையும் பிரித்தாள். ஒன்றுவிடாமல் பதினெட்டுதான். முப்பது முப்பதாகக் குவித்துப் பார்த்தாள். பன்னிரண்டு குவியல்தான் வந்தது. இருபது நாள் மழைக்குப் பன்னிரண்டு நாள் சாப்பாடு! மீதி எட்டு நாள் பிள்ளைகள் எதைத் தின்னும்?

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அவள் நேராகச் சோலையப்பன் கடைக்கு ஓடினாள்.

"என்ன முதலாளி இது? போன வருஷம் முப்பது கடலை இருந்துச்சு. இப்போ பதினெட்டுதான் இருக்கு!"

சோலையப்பன் கோபப்படவே இல்லை. சிரித்தது.

"விலையை ஏத்தினேனா தாயி? அன்னைக்கும் ஒரு நெல்லிக்காய், இன்னைக்கும் ஒரு நெல்லிக்காய். பொட்டலம் சின்னதாச்சா? அதே பொட்டலம்தான்!"

"உள்ளே புல்லை வெச்சுக் கட்டியிருக்கீங்களே!"

"கடலை நசுங்கக் கூடாதில்ல? உனக்காகத்தான் அதுவும். நான் கொசுறு கொடுத்தேனா இல்லையா? அதைச் சொல்லு!"

அப்போதுதான் பொன்னுத்தாய்க்குப் புரிந்தது. "பன்னிரண்டை எடுத்துக்கிட்டு இரண்டைக் கொடுத்தீங்க. என் பிள்ளைங்க பங்கையே எனக்குக் கொசுறா கொடுத்தீங்க!"

வரிசையில் நின்ற ராக்காயி என்ற கௌதாரி குறுக்கே வந்தாள். "ஏன்டி பொன்னுத்தாயி, நல்ல மனுஷனை இப்படிப் பேசலாமா? கேட்காமலே கொடுக்கிற கை அது! போதாததுக்கு மழைப் பொட்டலத்தை வேற பிரிச்சிருக்கே. மழை வரலேன்னா உன்னைத்தான் கேட்போம்!"

"நீயும் ஒண்ணைப் பிரிச்சுப் பாரு அக்கா. உனக்கும் ரெண்டு குஞ்சு இருக்கு."

"எனக்கெதுக்கு அந்தப் பாவம்?" என்று ராக்காயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வரிசையில் நின்ற மற்றவர்களும் அவரவர் இடத்தை விடவில்லை. கொசுறு வாங்கக் கையை நீட்டிக்கொண்டே நின்றார்கள்.

பொன்னுத்தாய்க்கு அழுகை வந்தது. அழுது ஆகப்போவது என்ன? குட்டிகளையும் கூட்டிக்கொண்டு நெல்லி மரங்கள் நின்ற முள்சரிவுக்குப் போனாள். கைகாலெல்லாம் கீறப் பன்னிரண்டு நெல்லிக்காய் பறித்தாள். பாறையைச் சுற்றி வேலாண்டியின் கடைக்கு வந்து தயங்கி நின்றாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றது வேலாண்டி.

"தப்புதான் அண்ணே. நாலு அளவு போடுங்க."

வேலாண்டி கொட்டாங்கச்சியை முக்கி எடுத்துக் குச்சியால் தலைதட்டி நான்கு முறை போட்டது. ஓர் அளவுக்கு அறுபது கடலை. குட்டிகளுக்கு முழுசாக இரண்டு நாள் சாப்பாடு. மூன்று நெல்லிக்காய்க்கு அந்தப் பக்கம் மூன்று பொட்டலம் வாங்கிக் கொசுறையும் சேர்த்தால்கூட அந்த இரண்டு நாள் தாண்டாது! இத்தனை நாளாக இதையா விலை அதிகம் என்று ஒதுக்கினோம் என்று பொன்னுத்தாய் வெட்கப்பட்டாள். ஆனாலும் பழக்கம் விடுமா? அவள் கை தானாக நீண்டது.

"கொசுறு கிடையாது!" என்றது வேலாண்டி.

"வேண்டாம் அண்ணே, வேண்டாம்!" என்று கையை இழுத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. பொய்க்கவில்லை. பிரித்த பொட்டலத்தைப் பற்றி மழைக்கு ஒரு கவலையும் இல்லை! அது பாட்டுக்குக் கொட்டித் தீர்த்தது.

மழை பிடித்த பதிமூன்றாம் நாள் ராக்காயி நனைந்து நடுங்கிக்கொண்டு மரத்தடியில் வந்து நின்றாள். இரண்டு குஞ்சுகளும் அவள் இறக்கைக்குள் துவண்டு கிடந்தன.

"பொட்டலமெல்லாம் தீர்ந்துபோச்சுடி. சோலையப்பன் வளை வாசலை அடைச்சுக்கிட்டு உள்ளே இருக்கான். கூப்பிட்டா, மழையில வியாபாரம் இல்லேங்கிறான். நேத்து ராத்திரியிலேர்ந்து குஞ்சுங்க ஒண்ணும் தின்னல. உன்னை அவ்வளவு பேசிட்டு, உன்கிட்டேயே வந்து நிக்கிறேன்."

பொன்னுத்தாய் தன் குட்டிகளைப் பார்த்தாள். அளந்து வைத்த சாப்பாடு. கொடுத்தால் இவர்களுக்குக் குறையும்.

"ஆளுக்குப் பத்து இல்ல, இனி ஆறு. சரியா?" என்றாள்.

மூத்த குட்டிக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் கீழே எட்டிக் குஞ்சுகளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியது. அந்த எட்டு நாளும் இரண்டு குடும்பமும் அரை வயிற்றோடு கிடந்து பிழைத்தன.

மழை விட்டது. வெயில் அடித்தது. சோலையப்பன் வாசலில் நின்று முன்னைவிடச் சத்தமாகக் கூவியது. "எதை எடுத்தாலும் ஒரு நெல்லிக்காய்! இன்னைக்கு மட்டும் கொசுறு நாலு கடலை!"

எல்லோரும் மெலிந்துபோய் வந்து நின்றார்கள். ராக்காயி முன்னால் வந்தாள். சோலையப்பன் முந்திக்கொண்டு நான்கு கடலையை நீட்டியது. அவள் வாங்கவில்லை.

"பொட்டலத்தைப் பிரி" என்றாள்.

"கட்டினதைப் பிரிக்கிற வழக்கம் இல்லையே தாயி!"

"என் குஞ்சுங்க பட்டினி கிடந்து செத்துப் பிழைச்சிருக்கு. பிரிச்சு எண்ணிக் காட்டினா வாங்குறேன். இல்லேன்னா பாறைக்கு அந்தப் பக்கம் போறேன்!"

"ஆமா, பிரி! பிரி!" என்றது கூட்டம்.

சோலையப்பன் பொட்டலத்தைப் பார்த்தது, கூட்டத்தைப் பார்த்தது. பிரிக்கத்தான் கை வரவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பி வேலாண்டியின் கடைக்கு நடந்தார்கள். நான்கு கடலையை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

கூடுதலாகக் கிடைப்பதைக் கண்டு மயங்காமல், நமக்குச் சேரவேண்டியது முழுதாக வந்திருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.