வெண்பனியானுக்கு வாசல் திறந்தவள்

முன்னொரு காலத்தில், மேகங்கள் தரையிறங்கி இளைப்பாறும் மலைநாடு ஒன்று இருந்தது. மார்கழி பிறந்தால் அங்கே குடத்துத் தண்ணீர் உறைந்துபோகும். அந்தக் குளிரோடு வெண்பனியான் என்ற மந்திரவாதியும் மலையுச்சியிலிருந்து இறங்கி வருவான்.

"வழி உண்டா, வழி உண்டா, எனக்கொரு வழி உண்டா?" என்று கேட்டுக்கொண்டே வீடு வீடாகச் சுற்றுவான். எறும்பு நுழையும் துளை இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடுவான். எதிரில் நிற்பவர் வெள்ளைக் கல்லாகிவிடுவார்.

போன குளிரில் செங்கனி வீட்டுக் கூரைக் கிழிசல் வழியாக அப்படித்தான் வந்தான். அவள் கணவன் மாரையன் அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நின்றான். நின்றவன் நின்றபடியே கல்லானான். அன்றிலிருந்து அடுப்படிக்குப் பக்கத்தில் கல்லாகவே நிற்கிறான். செங்கனி தினமும் அவனைத் துடைத்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள்.

இந்த வருஷம் மழை விட்டதுமே அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். கூடவே அவள் நாத்தனார் நீலி.

முதலில் கூரை. இருவரும் மலைப்புல் அறுத்து, காயவைத்து, கற்றை கற்றையாக வேய்ந்தார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை.

அடுத்து சுவர். செம்மண்ணும் சாணமும் வைக்கோலும் சேர்த்து மிதித்து, விரிசல்களை எல்லாம் பூசினார்கள். "அண்ணி, என் காலே சுவராயிடும் போல" என்றாள் நீலி. மிதிக்கும்போது இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அப்புறம் முற்றம். அவரைப் பந்தலைப் பிரித்தார்கள். கிழங்குப் பாத்திமேல் சருகு பரப்பினார்கள். ஆட்டுப்பட்டிக்குக் கோணி கட்டி, விறகை வீட்டுக்குள்ளேயே கழுத்துயரம் அடுக்கினார்கள். பரணில் பூசணிக்காய்கள் கன்றுக்குட்டிகள் போலப் படுத்திருந்தன. அடுப்பில் கேழ்வரகுக் கஞ்சி கொதித்தது. வீடு கதகதவென்று இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு செங்கனிக்கு மனசு நிறைந்திருந்தது.

மார்கழி பிறந்த அன்று பொழுது சாயும் நேரத்தில் வெண்பனியான் வந்தான்.

கூரைமேல் சரசரத்தது. "வழி உண்டா, வழி உண்டா, எனக்கொரு வழி உண்டா?"

"இல்லை" என்றாள் செங்கனி.

சுவரைச் சுற்றி உரசியது. "வழி உண்டா, வழி உண்டா, எனக்கொரு வழி உண்டா?"

"இல்லை."

முற்றத்துக்குத் தண்ணீர் போகும் தாரைத் துளையில் ஊதியது. அங்கேயும் மண் அடைத்திருந்தது. "வழி உண்டா?" என்ற குரல் இந்தமுறை பாதியிலேயே நின்றுவிட்டது.

பிறகு வெளியே ஒரு சத்தம். கடகடவென்று பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்.

"அவனுக்குக் குளிருது, நீலி."

"குளிரட்டும். என் அண்ணனைக் கல்லாக்கினவன்."

"நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனா பாரு, கூரையைத் தொட்டான், சுவரைத் தொட்டான், தாரையைக்கூட விடல. கதவுப் பக்கம் மட்டும் வரவே இல்லை. ஏன்?"

நீலி தாழிட்ட கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கதவு, நாம கூப்பிட்டவங்க வர்ற வழி. அவனை யாரும் கூப்பிட்டதே இல்லை போல."

"அண்ணி, நீயும் கல்லாயிட்டா நான் என்ன செய்வேன்?"

செங்கனி அடுப்படிப் பக்கம் திரும்பினாள். கல்லாக நின்ற மாரையனை ஒருமுறை பார்த்தாள். "நீ விறகுக்குப் பின்னால நில்லு" என்றாள். தாழை விலக்கிக் கதவை அகலத் திறந்தாள்.

முற்றத்தில் பனிச்சடையோடு குறுகி உட்கார்ந்திருந்தான் வெண்பனியான்.

"இதோ வழி. உள்ளே வாங்க. கஞ்சி சூடா இருக்கு" என்றாள்.

அவன் நம்பாமல் பார்த்தான். "என்னையா கூப்பிடுறே?"

"உங்களைத்தான்."

படி தாண்டி வந்தான். அவனோடு வந்த குளிரில் அடுப்பு ஒடுங்கியது. செங்கனியின் விரல்நுனி வெளுத்தது. அப்படியும் அவள் கலயத்தை நீட்டினாள். முதல் மிடறில் அவன் சடை உருகியது. இரண்டாம் மிடறில் தோளிலிருந்த பனி உருகியது. மூன்றாம் மிடறில் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவன் இருபது வயது இளைஞன்.

"நான் சமவெளி நாட்டு இளவரசன்" என்றான். "குளிரில் வந்த ஒரு கிழவியை அரண்மனை வாசலிலிருந்து விரட்டினேன். அவள் மந்திரக்காரி. யாராவது மனசார வாசல் திறந்து கூப்பிடும்வரை இப்படியே அலை என்று சபித்துவிட்டாள். பிழைக்க எனக்குத் தெரிந்தது திருட்டுவழி மட்டும்தான், அம்மா."

அப்போது அடுப்படியில் யாரோ இருமினார்கள்.

மாரையன்தான். உடம்பெல்லாம் நனைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தான். "இவ்வளவு நெருக்கமா யார் வேய்ஞ்சது?"

"நானும் உங்க தங்கையும்தான்" என்றாள் செங்கனி.  அவன் ஈரத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஊரெங்கும் கல்லாய் நின்றவர்கள் விழித்துப் பேசும் சத்தம் கேட்டது.

பனி உருகிப் பாதை திறக்கும்வரை இளவரசன் அங்கேயே தங்கினான். விறகு பிளந்தான், ஆடு மேய்த்தான், நீலியிடம் திட்டும் வாங்கினான். போனபின் அந்த ஊருக்குக் கம்பளி ஆட்டு மந்தை ஒன்றை ஓட்டி அனுப்பினான்.

அவர்கள் அங்கே கதகதப்பாக இருந்தார்கள். நாமும் இங்கே அப்படியே இருப்போம்.