அம்மாவா அப்பாவா என்று கேட்கும் முன்

“தீர்ப்பே சொல்றதில்லைன்னா, இந்த நாற்காலி எதுக்குங்கம்மா?” என்று கேட்டார் குப்பண்ணன்.

சகாயமேரி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உட்கார்றதுக்குத்தான் தோழர்.”

குடும்ப நீதிமன்றக் கட்டிடத்தின் மாடியில், சமரச மையத்தின் கடைசி அறை அது. வழக்கை நீதிபதி கையில் விடாமல் தாங்களே பேசி முடித்துக்கொள்ள நினைக்கிற கணவன் மனைவியர் அங்கே வருவார்கள். சகாயமேரி அவர்களுக்கு நடுவே உட்காருவார். மத்தியஸ்தர் என்று பெயர். நாற்பது வயதுகூட ஆகாத வக்கீல்.

குப்பண்ணன் வாழ்நாளெல்லாம் மில் வாசலில் கொடி பிடித்தவர். எழுத்துக் கூட்டிப் படித்ததே துண்டறிக்கைகளில்தான். அடிபட்டார், உள்ளே போனார், விலை போகவில்லை. மில்லை இடித்து அந்த இடத்தில் அடுக்குமாடி எழுப்பிய பிறகு, முழக்கமிட அவருக்கு ஒரு வாசலும் மிச்சமில்லை. “எத்தனையோ பஞ்சாயத்துப் பேசினவர், எங்க மையத்துக்கு வாங்க” என்று அழைத்தார்கள். சொல்லிக்கொடுக்கலாம் என்றுதான் போனார்.

போன இடத்தில் மாணவன் ஆக்கிவிட்டார்கள். அது அவருக்கு நெஞ்சில் முள்.

“பொம்பளை அழுதா தலையாட்டறீங்க. அவளை அழ வெச்சவன் பேசினாலும் தலையாட்டறீங்க.”

“இருக்கிறது ஒரு தலைதானே.”

“எங்க சங்கத்துல சமரசம்னா கெட்ட வார்த்தைங்கம்மா.”

“தெரியும். முதல் நாள் எங்க போர்டைப் பார்த்துட்டு நீங்க காறித் துப்பினதை ஜன்னல்ல இருந்து பார்த்தேன்.”

“அது வெத்தலைங்க.”

“இருக்கட்டும்” என்றார் சகாயமேரி.

அன்றைக்கு வந்தவர்கள் கோகிலவாணியும் திருமூர்த்தியும்.

அவள் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவள். அவன் உடுமலை பஸ் ஓட்டுகிறவன். பிரிந்துவிடுவதில் இருவருக்கும் தகராறு இல்லை. ஏழு வயது மகிழினி யாரிடம் வளர்வது என்பதில்தான் வழக்கு நின்றது.

அன்றைக்குப் பேசி முடியவில்லை என்றால், மறுநாள் நீதிபதி குழந்தையைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கேட்பார். அம்மா வேணுமா, அப்பா வேணுமா.

“புள்ளை தூங்கறதில்லைங்க” என்றாள் கோகிலவாணி. “‘நான் தப்பாச் சொல்லிட்டா என்னம்மா ஆகும்?’னு கேக்கறா.”

திருமூர்த்தி சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

“எங்கிட்டயும் கேட்டா. ‘ரெண்டு பேரையும் சொல்லக் கூடாதாப்பா?’ன்னு.”

பிறகு பழைய பேச்சு தொடங்கியது.

“இவரு எம் போனை பீரோவுல வெச்சுப் பூட்டுவாருங்க. வேலைக்குப் போகக் கூடாதும்பாரு. மீறிப் போனா, பஸ் ஸ்டாண்டுல இவரோட கண்டக்டர் நின்னு நான் ஏறுறதையும் எறங்குறதையும் பார்ப்பாரு. கடைசில வாசக் கதவையே வெளியில பூட்டிட்டு ட்யூட்டிக்குப் போனாருங்க.”

சகாயமேரி தலையாட்டினார்.

ஓரத்து நாற்காலியில் குப்பண்ணனுக்கு உடம்பு கொதித்தது. அவர் அங்கே உட்காரக் கணவனும் மனைவியும் சம்மதித்திருந்தார்கள். வாய் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

திறந்துவிட்டார்.

“ஏய்யா, பொண்டாட்டி என்ன நீ ஓட்டற வண்டியா? டெப்போவுல விட்டுப் பூட்டிட்டு, சாவியை இடுப்புல சொருகிட்டுப் போறதுக்கு? அவ வேர்வைக்குக் கணக்குக் கேக்க நீ யாரு? மில்லுல எங்களை உள்ள வெச்சுப் பூட்டினவனுக்கும் உனக்கும் என்னய்யா வித்தியாசம்?”

மைக் இல்லாமல் மில் வாசல் முழுக்கக் கேட்ட குரல். வராந்தாவில் நடந்தவர்கள் நின்று திரும்பினார்கள். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

திருமூர்த்தி எழுந்தான்.

“நடுநிலையான இடம்னு சொல்லிக் கூட்டியாந்தாங்க. சரிங்க. நாளைக்கு ஜட்ஜ் அய்யாகிட்டயே பார்த்துக்கறேன்.”

கதவுக்குப் போய்விட்டான்.

குப்பண்ணன் கோகிலவாணியைப் பார்த்தார். இப்படிப் பேசி முடித்த இடங்களில் எல்லாம் அவருக்குக் கைதட்டல் கிடைத்திருக்கிறது.

“நல்லாத்தான் பேசினீங்கய்யா” என்றாள் அவள். “ஆனா நாளைக்கு அங்க போயி நிக்கப் போறது எம் புள்ளைங்க.”

குப்பண்ணன் மெல்ல உட்கார்ந்தார்.

சகாயமேரி அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எழுந்தார். ஓரத்துக்கு வந்து, குப்பண்ணனைத் தன் நாற்காலிக்குப் போகும்படி கை காட்டினார். அவர் போனதும் ஓரத்து நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டார்.

“திருமூர்த்தி, போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. உங்க தரப்பை இவர் சொல்லட்டும். ‘ஆமா, இதுதான்’னு உங்களுக்குத் தோணினா உட்காருங்க. தோணலைன்னா போங்க. நான் தடுக்க மாட்டேன்.”

“இவரா? இப்ப என்னைய வெட்டிப் போடற மாதிரி நின்னாரே, இவரா?”

“இவரேதான்.”

எதிராளியின் தரப்பு குப்பண்ணனுக்குப் புதிதில்லை. எங்கே அடித்தால் விழும் என்று பார்ப்பதற்காக எத்தனையோ முறை அதைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அதைத் தன் வாயால் சொன்னதில்லை. சொல்பவனைத் துரோகி என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

“பொண்டாட்டி சம்பாதிச்சா உனக்குக் கௌரவக் குறைச்சல்.”

“இல்லீங்க.”

“ஊரு ஒண்ணு பேசும்னு பயந்தே.”

“இல்லை.”

திருமூர்த்தி தாழ்ப்பாளில் கை வைத்தான்.

குப்பண்ணன் சகாயமேரியைத் திரும்பிப் பார்த்தார். அவர் குப்பண்ணனைப் பார்க்கவே இல்லை. திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியலை தம்பி” என்றார் குப்பண்ணன். எந்த மேடையிலும் அவர் சொல்லாத சொல் அது. “நீங்க சொல்லுங்க. கேக்கறேன்.”

திருமூர்த்தி கதவைப் பார்த்தே பேசினான்.

“நான் ரெண்டாவது படிக்கறப்ப, ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீடு இருட்டாக் கெடந்துது. எங்கம்மா போயிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லலை. திரும்பி வரவே இல்லை. இப்பவும் ட்யூட்டி முடிஞ்சு வர்றப்ப, தெருமுனையிலயே நின்னு வீட்டு ஜன்னலைப் பார்ப்பேனுங்க. லைட் எரிஞ்சா நடப்பேன். எரியலைன்னா காலு வராது.”



குப்பண்ணன் வாய் திறந்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

“நான் வர்றப்ப வீட்டுல லைட் எரியணும். எனக்கு அவ்வளவுதான். அதுக்காகப் போனைப் பூட்டினேன். கதவைப் பூட்டினேன். தப்புன்னு தெரியும். தெரிஞ்சும் கை நிக்கலை.”

‘நான்’ என்றே சொல்லிக்கொண்டு போனார். 

தாழ்ப்பாளில் இருந்த கை இறங்கியது.

“ஆமா” என்றான் திருமூர்த்தி. “இதுதான்.”

கோகிலவாணி கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்கம்மா செத்துட்டாங்கன்னுதானே எங்கிட்டச் சொன்னீங்க?”

“எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றது.”

அவள் முந்தானையை முறுக்கினாள். அவிழ்த்தாள்.

“அதுக்காக என்னைப் பூட்டினது சரின்னு ஆயிடாது.”

“ஆகாது.”

“நான் திரும்பி வர மாட்டேன்.”

“தெரியும்.”

“மகிழி எங்கூட இருந்துதான் படிக்கணும்.”

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். அவள் நிறுத்தவில்லை.

“வெள்ளிக்கிழமை சாயங்கால ட்ரிப்பு உங்களுதுதானே? உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே கூட்டியாந்து உங்க பஸ்ல ஏத்தி விடறேன். உங்க கண்ணுல படற சீட்டுல உக்காத்தி வைக்கறேன். ஞாயித்துக்கிழமை நீங்க கொண்டாந்து விடுங்க.”

“நீயேவா? எப்பவுமா?”

“எப்பவும்தான். அந்த ரெண்டு நாளாச்சும் உங்க வீட்டுல லைட் எரியட்டும்.”

அவன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

குப்பண்ணன் வாழ்க்கையில் வாங்கிக் கொடுத்ததெல்லாம் பிடுங்கி வாங்கியவை. மறித்து, மறியல் செய்து, பட்டினி கிடந்து வாங்கியவை. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. யாரும் கேட்காமலே ஒருத்தி, அதுவும் பூட்டி வைக்கப்பட்டவள், எடுத்துக் கொடுப்பதை அவர் பார்த்ததில்லை. சகாயமேரி ஓரத்தில் உட்கார்ந்தபடியே இருந்தார். இந்தப் பேச்சுக்கு நடுவே ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

பேசியதை எழுதினார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நாளைக்கு இந்தத் தாள் நீதிபதியிடம் போகும், குழந்தை வர வேண்டியதில்லை என்றார் சகாயமேரி.

கோகிலவாணி அங்கேயே நின்று தன் அக்காவுக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அக்கா, பாப்பாகிட்டக் குடு. மகிழி, நாளைக்கு நீ கோர்ட்டுக்கு வர வேண்டாம்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

திருமூர்த்தி போனை நோக்கிக் குனிந்தான்.

“தெரியும் கண்ணு. அப்பாவும் இங்கதான் இருக்கேன்.”

“ரெண்டு பேரும் ஒண்ணாவா இருக்கீங்க?”

கோகிலவாணி போனைக் குப்பண்ணன் பக்கம் நீட்டினாள்.

“ஒரே ரூம்புலதான் இருக்காங்க அம்முணி” என்றார் அவர்.

“நீங்க யாரு? ஜட்ஜா?”

“இல்லை.”

“அப்ப அம்மாவா அப்பாவான்னு என்னை யாரு கேப்பாங்க?”

“யாரும் கேக்க மாட்டாங்க.”

“யாருமேவா?”

“யாருமே.”

எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

குப்பண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு சகாயமேரியிடம் திரும்பினார்.

“ஏனுங்கம்மா, இப்ப இதுல நியாயம் யார் பக்கம்...”

சகாயமேரி தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

போன் துண்டிக்கப்படவில்லை. குழந்தை அதை அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தாள். தூரத்தில் எங்கோ ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டு, தானே கட்டிய ஏதோ ஒரு பாட்டை மூச்சு வாங்கப் பாடிக்கொண்டிருந்தாள்.

நால்வரும் மேசை மேல் குனிந்து நின்றார்கள்.

யாரும் அதை அணைக்கவில்லை.