மழைக்கு அசையாத பெட்டி

மழையிலும் படம் போகாது, ரெக்கார்டிங் நிற்காது என்று தென்காசி முழுக்க மைக் கட்டிக் கத்தித்தான் வான்முத்து டிஷ்ஷை விற்றார் மேனேஜர் தனசீலன். எதிர்க் கம்பெனியான ககனம் வெறும் தகரம் என்பார்.

பால்கடை இசக்கியப்பனின் மகள் டிவியில் பாடிய அன்று மழை கொட்டியது. அவர் வீட்டு வான்முத்து பெட்டியில் 'சிக்னல் இல்லை' என்பது மட்டும் பதிந்திருந்தது. வான்முத்து கடைக்கே வந்து சண்டை போட்டார்.

தனசீலன் வாய் கூசாமல், டிஷ் மாட்டிய முப்பிடாதியைக் கை காட்டினார். "எல்லாம் இவ மாட்டின லட்சணம். ஏய், சாயங்காலத்துக்குள்ள அந்தப் பாட்டைக் கொண்டு வா. இல்லன்னா வேலைக்கு வராத."

பதியாத பாட்டை எங்கே போய்ப் பிடிப்பது? ஆனாலும் சாயங்காலம் துணி சுற்றிய ஒரு பெட்டியோடு வந்து, கடை டிவியில் மாட்டினாள் முப்பிடாதி. பாட்டு முழுசாக ஓடியது. இசக்கியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, இதுதான் வான்முத்து" என்று நெஞ்சை நிமிர்த்தினார் தனசீலன்.

அவள் துணியை உருவினாள். உள்ளே ககனம் பெட்டி.

"இது யார் வீட்டுது?" என்றார் இசக்கியப்பன்.

"சார் வீட்டுது. சார் வீட்டம்மா பாட்டு நிகழ்ச்சிய விடாம பதிஞ்சு வைப்பாங்க. சார் கேட்டாருன்னேன், கழட்டிக் குடுத்தாங்க. மழைக்கு மழை ஊர்ல ஏச்சு வாங்குறது நான். சார் மாடியில நம்ம டிஷ் இருந்திருந்தா, இப்பவும் வெறுங்கையோடதான் வந்திருப்பேன்."