காரக்கோல் குலம் பிறந்த கதை

கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், அவற்றுக்குப் பெயர் சூட்டும் வேலை சடைச்சி என்ற பெண்ணிடம் இருந்தது. பெயர் கிடைத்தால் குலம் உண்டு. பெயர் இல்லாதவை அழுக்கு எனப்பட்டன. அவை வாழும் மண்ணில் கொதிநீர் ஊற்றிவிடுவார்கள்.

சடைச்சியின் சோதனை எளிது. ஒரு பானையில் புளித்த கஞ்சி. கிருமி அதில் இறங்கி, பொழுது சாய்வதற்குள் பிள்ளை குட்டியோடு பெருகினால் பெயர். இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தது முதலில் பெயர் வாங்கிய தயிர்க்கிருமி. புளிப்பு அதற்குத் தாய்வீடு என்பதை யாரும் யோசிக்கவில்லை.

புல்கூட முளைக்காத உவர்க்களரிலிருந்தும் கிருமிகள் வந்தன. இறங்கியவற்றில் ஒன்றும் அசையவில்லை. சடைச்சி ஒவ்வொரு முறையும் கஞ்சியைக் கொட்டி, பானையில் உவர்மண் போட்டுத் தேய்த்து, கழுவிய நீரைக் கொல்லைக் குழியில் ஊற்றினாள். அந்தியில் குழிக்கும் கொதிநீர் ஊற்றுவது அவள் வழக்கம்.

கடைசியாக, கோல்போல் ஒல்லியான ஒருத்தி வந்தாள்.

“உங்க ஆளுங்க ஒருத்தரும் பிழைக்கலை. நீ எதுக்கு வந்தே?” என்றது தயிர்க்கிருமி.

“நாளைக்கு எங்க களர்ல கொதிதண்ணி ஊத்தறாங்களாம். சும்மா இருந்தாலும் சாவுதானே, அண்ணே.”

“அப்போ புளிச்சுப்போய்ச் சாவு.”

“வாயை மூடுடா!” என்று அதட்டினாள் சடைச்சி. “நீ இறங்கு தாயி.”

இறங்கினாள். சாயங்காலம்வரை அசைவில்லை. சடைச்சி பெருமூச்சு விட்டுக் கஞ்சியைக் கொட்டினாள். பானையில் ஒரு கை உவர்மண் போட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

“மெல்ல, ஆத்தா. கூசுது.”

சடைச்சியின் கை நின்றது. உள்ளே பார்த்தாள். பானையில் ஒட்டியிருந்தவள் கண் விழித்திருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருவரானாள், நால்வரானாள்.

“கஞ்சியில போனவ, இந்த உவர்மண் காரத்துல எப்படிப் பிழைச்சே?”

“இதுதான் ஆத்தா எங்க ஊருத் தண்ணி. அந்தப் புளிப்புலதான் மயங்கிட்டேன்.”

சடைச்சி திரும்பிக் கொல்லைப் பக்கம் பார்த்தாள். குழி காய்ந்து கிடந்தது.

“அப்போ நான் கொதிதண்ணி ஊத்தும்போது உங்க ஆளுங்க எல்லாரும் அங்கே முழிச்சுத்தான் இருந்தாங்களா?”

“அதைக் கேக்காதீங்க. பேரை வையுங்க. நான் களருக்குப் போய்ச் சொல்லணும்.”

தயிர்க்கிருமி குறுக்கே வந்தது. “இவ என் சித்தப்பா மாதிரி கோலாத்தானே இருக்கா? எங்க குலத்துலயே ஒட்டிக்கட்டும்.”

“உன் சித்தப்பன் இந்தத் தண்ணியில இறங்குவானா?” என்றாள் சடைச்சி.

தயிர்க்கிருமி விலகிக்கொண்டது. சடைச்சி புதுக்குலம் ஒன்றைத் தொடங்கி, அதற்குக் காரக்கோல் என்று பெயர் வைத்தாள். மறுநாள் களரில் யாரும் கொதிநீர் ஊற்றவில்லை. குழியில் போனவர்களுக்கும் அதே பெயரைச் சொல்லிவிட்டு, குழியை அவளே மூடினாள்.

அன்று முதல்தான், பெயர் சூட்டுகிறவர்கள் கிருமியின் ஊர் எது என்று கேட்டு, அந்த ஊர்த் தண்ணீரைப்போலவே கலந்து வைத்த பிறகு அதை இறங்கச் சொல்கிறார்கள். காரக்கோலின் பெயரில் கோலுக்கு முன்னால் காரம் நிற்பதும் அன்று முதல்தான்.